மலைவழியும் ஈர்யா சமிதியும்

தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் இலாஞ்சனங்களை வரிசையாகச் சொல்லுக என்றால் நம் பிள்ளைகள் இடபம், யானை, குதிரை, குரங்கு என்று தடையின்றிச் சொல்லிவிடுவர். அவற்றுள் எவற்றை நேரிற் கண்டிருக்கிறீர்கள், எங்கே கண்டீர்கள் என்று கேட்டால்தான் தயங்குவர். புளியந்தோப்பில் வளரும் பிள்ளைக்கு எருமை தெரியும், மாடும் தெரியும். ஆடு மிக நன்றாகத் தெரியும். விடியற்காலையில் ஆட்டுத்தொட்டியை நோக்கி ஓட்டிச் செல்லப்படும் மந்தையைப் பாராத நாள் அரிது. அவை செல்லும் திசை ஒன்றே. திரும்பி வந்த ஆட்டை எந்தப் பிள்ளையும் கண்டதில்லை. மகாவீரர் ஜயந்தியன்று மாநகராட்சி அதனை மூடிவைக்கும் போதுதான் அத்தெரு சற்று அமைதி கொள்கிறது.

இந்த எண்ணத்தோடுதான் கடந்த ஆண்டு தை மாதக் கடைசியில் எங்கள் உறவினர் மூன்று குடும்பத்தாரும், சிறுவர் அறுவர் உட்பட, ஆனைமலைக்குப் பயணம் மேற்கொண்டோம். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். அதில் இலாஞ்சனங்கள் வரிசையாக எழுதப்பட்டு, எதிரே கண்ட இடமும் நேரமும் குறிக்க இடம் விடப்பட்டிருந்தது. மிருகக்காட்சிச் சாலையில் கண்டது கணக்கில் சேராது என்பது அவர்களே செய்துகொண்ட விதி. அப்பயணத்தில் கண்டவற்றையும் கற்றவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

வழியின் இயல்பு

இரவு ரயிலில் பழனி சேர்ந்து, அங்கிருந்து வேன் அமர்த்திக்கொண்டோம். பொள்ளாச்சிக்கு நேரே செல்லாமல், கொழுமம் செல்லும் சாலையில் உள்ள ஐவர்மலையை முதலில் தரிசித்தோம். பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட ஜினவுருவங்களும், பாண்டியன் வரகுணன் காலத்தில், கி.பி. 870இல், பார்சுவ படாரர் திருமேனியைச் சாந்திவீரக் குரவர் புதுப்பித்த செய்தி கூறும் கல்வெட்டும் அங்குள்ளன. பழனிக்குச் செல்லும் நம்மவர் பலர் இதனை அறியாமல் திரும்பிவிடுகின்றனர் என்பது வருத்தத்திற்குரியது. பார்சுவநாதர் தலைமேல் விரிந்த நாகத்தைப் பிள்ளைகள் நோட்டில் குறிக்க முற்பட்டபோது, கல்லிற் கண்டது செல்லாது என்று அவர்களுள் மூத்தவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைக் கடந்ததும் மலையேற்றம் தொடங்குகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிற்கும் எண் எழுதிய பலகை உண்டு. அடிவாரத்தில் வறண்ட இலையுதிர் காடு. மேலே செல்லச் செல்லப் பாறையும் புல்லும். அதற்கும் மேலே எப்போதும் ஈரம் காயாத சோலைக்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சோலைகளை வெட்டித்தான் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டனர். கவர்க்கல் அருகே கார்வர் மார்ஷ் என்னும் வெள்ளைக்காரத் தோட்ட முதல்வரின் சிலை இன்றும் நிற்கிறது. வெட்டாமல் விட்ட சோலைத் துண்டுகள் தேயிலைக் கடலின் நடுவே தீவுகள் போல் கிடக்கின்றன. சுற்றியுள்ள வனம் 2007ஆம் ஆண்டு முதல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாக விளங்குகிறது. ஒரு சோலைத் தீவிலிருந்து மறு தீவுக்குச் செல்ல வேண்டிய விலங்கு தேயிலையையும் சாலையையும் கடந்தே தீர வேண்டும். நாம் இயற்கைக் காட்சி என்று மகிழ்ந்து செல்லும் சாலை அவற்றின் வீட்டு முற்றத்தைக் குறுக்கே அறுத்துச் செல்கிறது. வால்பாறைச் சாலையில் விலங்குகள் எளிதிற் கண்ணிற்படுவதற்குக் காரணமும் இதுவே.

நான்கு முழமும் நாற்பது கிலோமீட்டரும்

முனிவர்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், மக்களும் மாக்களும் நடந்து பழகிய வழியில், நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழ தூரம், முன்னே நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நடப்பது. இது துறவறத்தார்க்கு உரியது. வேனில் செல்லும் இல்லறத்தாராகிய நம்மை இது எவ்வாறு தொடும் என்று கேட்கலாம். நாங்களும் வண்டியிலிருந்தபடியே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

நான்கு முழம் என்பது ஆறு அடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடிக்குப் பதினொரு மீட்டர், அதாவது 36 அடி, கடக்கிறது. நான்கு முழம் ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கிற்குள் முடிந்துவிடும். கண் கண்டதைக் கால் அறிந்து பிரேக்கை மிதிக்கவே ஒரு விநாடி வேண்டும். ஆகவே வண்டியில் செல்பவனுக்கு நான்கு முழம் போதாது. வேகத்திற்கேற்ப அவன் நோக்க வேண்டிய தூரமும் நீள வேண்டும். வளைவிலோ நோக்கத்தக்க தூரமே இராது. எனவே அங்கு வேகம் குறைவதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் ஓட்டுநர் வால்பாறையில் பிறந்து வளர்ந்தவர். சாத்திரம் படியாதவர். அவர் 20 கிலோமீட்டருக்கு மேல் வளைவெதிலும் சென்றாரில்லை. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்னும் மலைவழி முறையையும் ஓரிடத்தும் பிறழவில்லை. "அவசரம்னா கோயமுத்தூர்லயே இருந்திருக்கலாமே சார்" என்றார், பின்னால் ஒலியெழுப்பிய ஒரு காரைப் பற்றி.

பகலொளியில் என்ற நிபந்தனையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மழைக்கால இரவுகளில் இத்தகைய மலைச்சாலைகளில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கி மடிவன பெரும்பாலும் யானையும் புலியும் அல்ல; தவளைகளும், மண்ணுள் வாழும் சிறு பாம்புகளும், புழுப்போல் தோன்றும் காலிலா நீர்நில வாழ்விகளும் ஆகும். ஓட்டுபவனுக்குத் தான் கொன்றது தெரியவே தெரியாது. கர்நாடகத்தில் பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலைகளில் 2009 முதலும், நம் மாநிலத்தில் சத்தியமங்கலத்தை அடுத்த திம்பம் மலைச்சாலையில் உயர்நீதிமன்ற ஆணையின்படி 2022 பிப்ரவரி முதலும் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வணிகம் கெடுகிறது என்ற எதிர்ப்பு இரண்டிடத்தும் எழுந்தது. அது முற்றிலும் பொய்யான குறையுமன்று. ஆயினும் கதிர் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கம் உள்ள குடும்பத்திற்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் சேர்ந்து உணவை முடித்தாக வேண்டும் என்பதால், இருட்டிய பின் சாலையில் இருக்கும் நிலையே எங்களுக்கு ஏற்படவில்லை. ஒரு மாலை மட்டும் விலக்கு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வரையாடு

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று ஒரு நோக்கிடம் உள்ளது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். பெரும்பாலோர் நீரைப் பார்க்கின்றனர். ஓட்டுநர் எங்களை எதிர்ப்புறம் திருப்பி, செங்குத்தான பாறையைப் பார்க்கச் சொன்னார். முதலில் பாறையன்றி எதுவும் புலனாகவில்லை. சற்று நேரம் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தியபின், பாறையின் ஒரு துண்டு காதை அசைத்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு எண்ணினோம். பெட்டையும் குட்டியும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம்; கிடா ஒன்று கருமை படர்ந்து, முதுகில் சேணம் இட்டாற்போல் வெளிறிய திட்டுடன் நின்றது. மனிதன் கைவைக்கவும் இடமில்லாத சரிவில் குட்டிகள் துள்ளி விளையாடின.

வரையாடு நம் மாநில விலங்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இது இல்லை. தமிழக அரசு 2022இல் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. 1975இல் இதனை ஆராய்ந்து எழுதிய ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொள்ளப்படுகிறது. தமிழக மலைகளில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031 என்றும், 2025இல் 1,303 என்றும் மதிப்பிடப்பட்டது. ஒரு திருமண மண்டபத்தில் அடங்கும் எண்ணிக்கைதான் இது.

நம்மவர்க்கு வரையாடு புதிதன்று. திருத்தக்க தேவர் சீவக சிந்தாமணியில் மலைவளம் கூறுமிடத்து, வரையாடு மிதித்தலால் தேனடை உடைந்து ஒழுகுவதைப் பாடுகிறார். தேன் உண்ணா நோன்பினராகிய தேவர், தேன் ஒழுகுவதைப் பாடியிருப்பது கண்டு சிலர் முறுவலிக்கலாம். ஆட்டின் காலடியையும் அவர் கவனித்திருக்கிறார் என்பதே எங்களுக்கு வியப்பு.

குந்துநாதருக்கு உரிய ஆட்டின் எதிரே வரையாட்டைக் குறிக்கலாமா என்று விவாதம் நடந்தது. ஆட்டினத்தைச் சேர்ந்ததே ஆதலால் குறிக்கலாம் என்று முடிவாயிற்று. அப்போது ஒன்பது வயதுச் சிறுமி, "இதுங்களை யாரும் ஓட்டிக்கிட்டுப் போறதில்லையா, பெரியப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். அவள் மறுபடியும் பைனாகுலரை வாங்கி, மற்றவர்க்குத் தராமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்விடத்தில் வரையாடுகள் சில சமயம் சாலையோரம் வரை இறங்கி, மனிதரை அஞ்சாமல் நிற்கும். அச்சமின்மையைத் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டு. 2023இன் தொடக்கத்தில் இச்சாலையில் ஒரு வரையாட்டின் கொம்பைப் பிடித்து இழுத்துப் படமெடுத்துக்கொண்ட இருவர் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைதாயினர். அவர்கள் எடுத்த படம் பிரமாதமாக வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. வழக்கில் நாம் மெச்சிச் சொல்லும் இச்சொல்லுக்கு, நம் ஆகமத்தில் கவனக்குறைவு, மயக்கம் என்பதே பொருள். உயிர்க்கு ஊறு செய்தலைக் கொலைப் பாவமாக்குவது பிரமாதமே என்று ஆசாரியர்கள் வரையறுக்கின்றனர்.

எது தானம்?

இனிக் கூறுவது எங்கள் குடும்பத்தின் குறை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலைச்சாலையில் நிகழ்ந்தது. வளைவொன்றில் நாட்டுக்குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. உயிர்களுக்கு உணவளித்தல் புண்ணியம் என்று எண்ணி, வண்டியை நிறுத்தாமலே எங்கள் பாட்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பிய்த்துப் பிய்த்துச் சன்னல் வழியே எறிந்தார். நாங்களும் மகிழ்ந்து பார்த்திருந்தோம். குட்டியை வயிற்றில் ஏந்திய ஒரு தாய், சாலை நடுவே உருண்ட பழத்தை எடுக்கப் பாய்ந்தது. பின்னே வந்த கார் அதன்மேல் மோதியது. தாய் பிழைத்தது. குட்டி பிழைக்கவில்லை. இறந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு அது தடுப்புச் சுவரின்மேல் ஏறி அமர்ந்து, குட்டியின் உரோமத்தைக் கோதத் தொடங்கியதைக் கண்டோம். கார் ஓட்டியவரை நாங்கள் கடிந்துகொண்டோம். பாட்டி மட்டும், "பழத்தை எறிஞ்சது நான்தானே" என்றார். அன்று தொடங்கி அவர் வாழைப்பழம் உண்பதில்லை.

நான்கு தானங்களாகிய உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்பவற்றை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். எந்த உயிர்க்கு எது தானமாகும் என்று ஆராய்ந்தோமில்லை. பசித்து வாயிலில் நிற்பவர்க்குச் சோறு தானம். காட்டில் தானே உணவு தேடத் தெரிந்த உயிர்க்கு நாம் தரும் பிஸ்கட்டும் பழமும் அதனைச் சாலைக்கு இழுக்கும் தூண்டில். அது மரத்தை விட்டு இறங்குகிறது. சக்கரத்தின் ஓசைக்கு அஞ்ச மறக்கிறது. கொடாத மனிதன் கையைப் பறிக்கிறது. பின்னர்த் தொல்லை தரும் குரங்கென்று பிடிபடுகிறது. அதற்கு நாம் தரக்கூடியது அபயம் ஒன்றே. அஞ்சாது தன் வழியே போக விடுவதுதான் அது.

இதனை வால்பாறைக்குச் சற்று முன்னுள்ள புதுத்தோட்டத்தில் கண்கூடாகக் கண்டோம். அங்குள்ள சிறு சோலையில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சமுள்ள வால். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய இவை, வெடிப்பலா முதலிய கனிகளைத் தின்று மர உச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் இயல்பின. சோலை துண்டுபட்டு, நடுவே சாலை ஓடியபின், இறங்கி நடக்க நேர்ந்தது, அடிபட்டு இறந்தன. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் அமைப்பினர் வனத்துறையின் துணையோடு, சாலையின் இருமருங்கும் உள்ள மரங்களுக்கிடையே கித்தான் குழாய்ப் பட்டைகளைக் கட்டித் தொங்கு பாலங்கள் அமைத்தனர். குரங்கு கடக்கும் நேரத்தில் வண்டிகளை மெதுவாகச் செல்லுமாறு கைகாட்டி நிறுத்தும் காவலர்களும் உண்டு.

காலை எட்டு மணியளவில் நாங்கள் சாலையோரம் ஒதுங்கி நின்றிருந்தோம். முதலில் ஒரு பெரிய ஆண் பாலத்தின் முனையில் அமர்ந்து இருபுறமும் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கடந்தன. இறுதியில் வந்த தாயின் வயிற்றில் ஒரு குட்டி. அதற்கு நேர் கீழே ஒரு பால் வண்டி சென்றது. தாய் நின்று குனிந்து அதனைப் பார்த்துவிட்டு, அவசரமின்றி அப்பாலுள்ள பலா மரத்திற்குச் சென்று மறைந்தது. பாட்டி எங்களோடு வந்திருந்தார், எண்பத்தொரு வயது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அபிநந்தனர்க்கு எதிரே எழுதிக்கொண்டாயா என்று சிறுவனை மட்டும் கேட்டார்.

காணும் கலை

காட்டுயிரைக் காண விரும்புவோர் பெரும்பாலும் கண்ணையே நம்புகின்றனர். காதும் மூக்கும் முன்னதாக அறிவிக்கும் என்பதை ஓட்டுநரிடம் கற்றோம். மலை அணில் விடாது இரைந்தால் கீழே சிறுத்தையோ மேலே கழுகோ இருக்கக்கூடும். கடமான் திடீரெனக் கனைத்தாலும் அவ்வாறே. சாலையிற் கிடக்கும் இலத்தியில் ஆவி எழுந்தால் யானை அண்மையில் உள்ளது. இறங்கிப் பார்க்கக் கூடாது. கருமந்தியின் ஆழ்ந்த குரல் பள்ளத்தாக்கைக் கடந்து கேட்கும். லேகியத்திற்கென்று மனிதர் வேட்டையாடி வந்த உயிர் அது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்திராவிடில் அக்குரலை இன்று கேட்டிருப்போமா என்பது ஐயமே.

ஒரு பகலில், தலைக்குமேல் புஸ் புஸ் என்று பேரோசை கேட்டது. பேசின் பிரிட்ஜ் பக்கம் வளர்ந்த எங்களுள் மூத்தோர் அனைவரும் ஒரே நேரத்தில், நீராவி எஞ்சின் என்றோம். நிமிர்ந்தால், இரண்டு பெரிய இருவாச்சிப் பறவைகள் சிறகடித்துச் சென்றன. பெட்டை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் சிறு துளை வழியே உணவூட்டும் பறவை இது. இலாஞ்சனப் பட்டியலில் இதற்கு இடமில்லையே என்று பிள்ளைகள் வருந்தி, பின்னட்டையில் எழுதிக்கொண்டனர்.

தேயிலைச் செடிகளிடையே காட்டுமாடுகளும் தென்பட்டன. ஆயிரம் கிலோவை நெருங்கும் உடல். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற கால்கள். இதனைப் பலரும் காட்டெருமை என்பதால், சிறுவன் வாசுபூஜ்யர்க்கு உரிய எருமையின் எதிரே எழுதிவிட்டான். இது எருமையினமன்று, மாட்டினம் என்று விளக்கியபின், அடித்துவிட்டு ஆதிபகவனின் இடபத்திற்கு எதிரே மாற்றினான்.

சிவப்பு விளக்கு

யானை மட்டும் மூன்று நாளும் கண்ணிற்படவில்லை. இரண்டாம் நாள் மாலை, எஸ்டேட் சாலையில் ஒரு வண்டி பழுதாகி நின்றதால் எங்கள் திரும்புதல் தாமதமாயிற்று. உணவைக் கதிர் மறையுமுன் வண்டியிலேயே முடித்துக்கொண்டோம். மங்கலில் தேயிலைச் சரிவின் மேலே, உயர்ந்த கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார்.

அவ்விளக்கின் பொருள், அருகில் யானை இருக்கிறது என்பது. தோட்டத் தொழிலாளர் மாலையில் வீடு திரும்பும்போது இருளில் யானையை எதிர்கொண்டு உயிரிழந்த நிகழ்ச்சிகள் பல. அதனைத் தடுக்க, யானைக் கூட்டம் நிற்கும் இடத்தைச் சுற்றுவட்டாரத்தார்க்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பும் முறை 2011இல் தொடங்கியது. செய்தி படிக்க இயலாதவர்க்கென இந்த விளக்குகள். குறிப்பிட்டவர்கள் கைப்பேசியில் அழைத்தால் எரியும். யானையை விரட்டுவதற்கன்று, மனிதன் விலகிக்கொள்வதற்கு. இம்முயற்சியை முன்னின்று நடத்திய எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். எதிரே தேயிலை கிள்ளும் பெண்கள் இருவரும் ஒரு பள்ளிச் சிறுவனும் கடைத் திண்ணையில் அமர்ந்து, இது அன்றாடம் நடப்பதுதான் என்பதுபோல் காத்திருந்தனர். ஒருமுறை கிளை முறியும் ஓசை கேட்டது. பின்னர் அதுவும் இல்லை. எங்களில் ஒருவர் வண்டியை மெல்ல முன்னே செலுத்திப் பார்க்கலாமே என்றார். திண்ணையிலிருந்த மூத்த பெண், "அதுங்க தண்ணிக்குப் போவுது, போய்ட்டு வரட்டும். நாம அப்புறம் போலாம்" என்றார். விளக்கு அணைந்தபின் புறப்பட்டோம். சாலையின் குறுக்கே ஈர மண்ணில் சோற்றுத் தட்டளவு காலடிகள், அவற்றிடையே சிறு கிண்ணமளவு காலடிகளும், வண்டி விளக்கொளியில் தெரிந்தன.

தங்குமிடம் வந்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தோம். அஜிதநாதரின் யானைக்கு எதிரே ஐவர் வெற்றிடமாக விட்டிருந்தனர். ஒன்பது வயதுச் சிறுமி மட்டும், மாலை 6.50, ஒரு விளக்கு என்று எழுதியிருந்தாள்.